செம்மண் ரோட்டில் ஒரு 86: தூக்கித் தூக்கிப் போடாமல் ஓட்ட என்ன செய்வது?

சுங்கை பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2013 டொயோட்டா 86, இரண்டாவது கையாக வாங்கியது. முன்னால் வைத்திருந்தவர் 18 அங்குல ஸ்போர்ட் ரிம் மாட்டி, ஹை-லோ (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்பிரிங்-அப்சார்பர் செட்) போட்டு, நன்றாக இறக்கிவிட்டிருக்கிறார். டயர் 225/40. வீடு பழைய லயத்துக்குப் பின்னால். பெரிய ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே, பாதி தார், பாதி செம்மண், நாள் முழுக்கச் செம்பனைக் குலை லாரி ஓடும் பாதை. அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப்போய் வந்தால் இரண்டு நாளைக்கு இடுப்பு வலி என்கிறார். கிளிக்கை (அப்சார்பரின் கடினத்தை மாற்றும் திருகு) முழுக்க சாஃப்ட் பக்கம் திருகியும் மாற்றமே இல்லையாம். "இன்னும் விலை கூடின ஹை-லோ வாங்கினால் சரியாகுமா?"

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள். உங்கள் காடியின் நோய் கடினம் என்பதைவிட இடப்பற்றாக்குறை. சக்கரம் மேலே ஏறுவதற்கு இடம் இல்லை. ஸ்பிரிங்கும் அப்சார்பரும் வேலையைத் தொடங்குவதற்குள் உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் போய் முட்டுகிறது. முட்டிய பிறகு கிளிக் 1-இல் இருந்தாலும் 30-இல் இருந்தாலும் ஒன்றுதான். அதனால்தான் திருகித் திருகிப் பார்த்தும் பயனில்லை.

இதை ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 காசு கேபிள் டை ஒன்று போதும், உங்கள் காடியே சொல்லிவிடும். முன் சக்கரத்தைக் கழற்றி, அப்சார்பர் தண்டின் மேலிருக்கும் தூசி உறையை மேலே தூக்குங்கள். தண்டைத் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய கேபிள் டையைத் தண்டைச் சுற்றி மாட்டுங்கள். வழுக்கி நகர வேண்டும், தானாக விழக்கூடாது, அந்த அளவு இறுக்கம். அதைக் கீழே தள்ளி அப்சார்பர் உடலின் வாயில் ஒட்ட வையுங்கள். சக்கரத்தை மாட்டி, காடியை இறக்கி, வழக்கமாகப் போகும் அதே வேகத்தில் அந்த 4 கிலோமீட்டர் போய் வாருங்கள். திரும்பியதும் டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு மேலே அது தள்ளப்பட்டிருக்கும். பம்ப் ஸ்டாப்பின் அடியைத் தொட்டு நின்றால் லேசாக முட்டியிருக்கிறது. ரப்பருக்குள் புதைந்திருந்தால் பலமாக முட்டியிருக்கிறது. பார்த்து முடித்ததும் டையை வெட்டி எடுத்துவிடுங்கள். விட்டால் சீலைத் தின்னும். தண்டு கண்ணுக்கே தெரியாத தலைகீழ் வகை ஹை-லோவும் உண்டு, அதில் இந்தச் சோதனை நடக்காது.

காடி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது அப்சார்பர் வாய்க்கும் பம்ப் ஸ்டாப் அடிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்றும் அளந்துகொள்ளுங்கள். 15, 20 தான் இருக்கிறது என்றால் அம்மாவின் இடுப்புக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதே குற்றம் இல்லை. ஃபேக்டரியில் வரும் நீளமான நுரை ரப்பர் படிப்படியாக இறுகும். அதையும் ஸ்பிரிங்கின் ஒரு பகுதியாகக் கணக்குப் போட்டுத்தான் காடியைச் செய்கிறார்கள். ஹை-லோவில் வரும் குட்டையான கெட்டி ரப்பர் அப்படி இல்லை, சுவரில் மோதின மாதிரி நிறுத்தும். இடம் வேண்டும் என்று ஃபேக்டரி ரப்பரைக் கத்தியால் பாதிக்கு மேல் அறுத்துவிடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அறுத்தால் அடி நேராக அப்சார்பரின் உள்வால்வுக்குப் போகும். நாளடைவில் எண்ணெய் கசியலாம்.

இப்போது ஸ்பிரிங். ஹை-லோ ஸ்பிரிங்கின் மேல் 62-180-8 என்பதுபோல மூன்று எண் அச்சடித்திருக்கும். உள்விட்டம் 62 மிமீ, நீளம் 180 மிமீ, கடைசி எண் கடினம்: 1 மிமீ அமுங்க 8 கிலோ வேண்டும். உங்கள் காடியின் முன்பக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்குவது சுமாராக 300 கிலோ. 8 கிலோ ஸ்பிரிங் அந்த எடைக்கு 37 மிமீ அமுங்கி நிற்கும். டொயோட்டா அந்தக் காடிக்கு முன்னால் கொடுத்த ஸ்பிரிங் சுமார் 2.3 கிலோ. அது 130 மிமீ அமுங்கும். இந்த அமுக்கத்திலிருந்து காடி ஒரு வினாடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்பும் என்று கணக்குப் போடலாம். 130 மிமீக்கு 1.4 தடவை, 75 மிமீக்கு (அதாவது 4 கிலோ ஸ்பிரிங்) 1.8, 37 மிமீக்கு 2.6. சாதாரண வீட்டுக் காடி 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும். 2.5-ஐத் தாண்டினால் அது செப்பாங் பந்தயப் பாதைக்கான அமைப்பு. செம்பனைத் தோட்டத்துக்கு இல்லை. மனித உடம்பு மேல்-கீழ் ஆட்டத்தில் மிகவும் கஷ்டப்படுவது வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரை. கடினமான ஸ்பிரிங் ரோட்டின் ஆட்டத்தை அந்த எல்லைக்குள்தான் அதிகமாக விடுகிறது.

பின்பக்க ஸ்பிரிங்கை மட்டும் தனியாக சாஃப்ட் ஆக்கிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள், அம்மா அப்பா பின்னால் உட்கார்வதால். கூடாது. பின்பக்க ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக, 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் பிறகுதான் ஏறுகிறது. பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும். இல்லாவிட்டால் காடி படகு மாதிரி மூக்கை ஆட்டிக்கொண்டே போகும். ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி 1930களில் கண்டுபிடித்துச் சொன்னது இது, இன்றைக்கும் மாறவில்லை.

அடுத்து உயரம். இதில்தான் பெரும்பாலான பட்டறைகள் கோட்டை விடுகின்றன. உங்கள் ஹை-லோவைக் குனிந்து பாருங்கள். பூட்டு வளையம் ஸ்பிரிங்குக்கு அடியில் மட்டும் இருக்கிறதா, கீழே, அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் பிராக்கெட்டிலும் தனியாக ஒன்று இருக்கிறதா?

ஸ்பிரிங்குக்கு அடியில் மட்டும் இருந்தால், அந்த வளைய நட்டைக் கீழே இறக்கின ஒவ்வொரு மில்லிமீட்டரும் அப்சார்பரின் உள்ளிடத்திலிருந்துதான் போயிருக்கிறது. மேலே ஏற்றினால் இடம் திரும்பக் கிடைக்கும். கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு இடத்திலும் இருந்தால் வேலை வேறு. உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில்தான் மாற்ற வேண்டும். மேல் நட் ஸ்பிரிங்கை உட்கார வைக்க மட்டும். சக்கரம் காற்றில் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் யாரோ மேல் நட்டை இறக்கியே காடியைத் தாழ்த்தியிருக்கிறார்கள், இடத்தைத் தின்றிருக்கிறார்கள். ஸ்பிரிங் இருக்கையைத் தொட்டதிலிருந்து 2, 3 மிமீ இறுக்கினால் போதும். இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 8 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 8 கிலோதான், உயரம்தான் மாறும். பிராக்கெட்டில் உயரத்தைக் கூட்டும்போது மரை உள்ளே போதுமான அளவு பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு என்று தயாரிப்பாளர் கையேட்டில் போட்டிருப்பார்; அதைத் தாண்டினால் மரை உரிந்து சக்கரமே சாய்ந்துவிடும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் அந்த எண் பொய்யாகிவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தாலும் தப்பு, டயர் பக்கவாட்டில் இழுபட்டு காடி உயரமாக நிற்கும். முன்னும் பின்னும் நாலைந்து மீட்டர் உருட்டிவிட்டு அளக்க வேண்டும். செம்மண் தூசி மரைக்குள் போய் மழையில் சேறாகி இறுகிவிடும் என்பதால், நட்டைத் திருப்புவதற்கு முன் தண்ணீர் பாய்ச்சி, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி விடுங்கள். அவசரப்பட்டு சுத்தியால் தட்டினால் அலுமினிய வளையம் உடையும், தனி வளையம் தேடி ஈப்போ முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

கிளிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "முழு சாஃப்ட்" என்பது சொகுசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கடினமான ஸ்பிரிங்கை அடக்க அப்சார்பருக்குப் பலம் வேண்டும். அதைக் குறைத்தால் காடி மிதக்கும், மிதந்து இறங்கும்போது இன்னும் ஆழமாகப் போய் முட்டும். நடுவில் வைத்துத் தொடங்குங்கள். ஒரே ஒரு கிலோமீட்டர் துண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே வேகத்தில், ஒவ்வொரு தடவையும் 3 அல்லது 4 கிளிக் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: முதல் மேடு பரவாயில்லை, அடுத்தடுத்த மேடுகளில் அடி கூடிக்கொண்டே போகிறது என்றால் கிளிக் அதிகக் கடினத்தில் இருக்கிறது. சக்கரம் ஒரு மேட்டிலிருந்து திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, காடி படிப்படியாகத் தரைப்பக்கம் அமுங்கிக்கொண்டே போகிறது. சந்திப்புக்கு முன்னால் போடும் மஞ்சள் கோட்டு வரிசையில் இதை நன்றாக உணரலாம்.

இனி டயர். உண்மையில் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். உங்கள் 225/40 ஆர் 18 டயரின் பக்கச்சுவர் 90 மிமீ உயரம் (225 மிமீ அகலத்தில் 40 சதவீதம்). 86-க்கு வந்த 215/45 ஆர் 17-இல் அது 97. ஜப்பானில் இதே காடியின் கீழ்மாடல்கள் 205/55 ஆர் 16-இல் வந்தன. அதில் 113 மிமீ. 18-இலிருந்து 16-க்கு இறங்கினால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே 23 மிமீ ரப்பரும் காற்றும் கூடும். டயரின் மொத்த விட்டம் 17 அங்குல அளவைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல், மீட்டர் ஏறக்குறைய சரியாகவே காட்டும். எடை தாங்கும் எண்ணும் 17 அங்குலத்தின் 87-இலிருந்து 91-க்குக் கூடுகிறது.

செம்மண் ரோட்டில் லாரி போய்ப்போய் அலை அலையாகத் தடம் விழுமே, அதற்கு ஸ்பிரிங்கும் கிளிக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அலைகளுக்கு நடுவே 70 செ.மீ இருந்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 12 தடவை அடி வாங்கும். சக்கரம் தானாகவே குதிக்கத் துடிக்கும் வேகமும் 10 முதல் 15 வரைதான், இரண்டும் சேர்ந்துகொள்ளும். அங்கே அதிகம் உதவுவது உயரமான பக்கச்சுவரும் கனம் குறைந்த ரிம்மும்தான். இல்லாவிட்டால் அந்தத் துண்டில் வேகத்தைக் குறைப்பது.

16 அங்குல ரிம் வாங்கும்போது பார்க்க வேண்டியது: 5 ஓட்டை, 100 மிமீ வட்டம், நடுத்துளை 56.1 மிமீ. ஃபேக்டரி 17 அங்குல ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம்) 48 மிமீ. அதை ஒட்டியே எடுங்கள். கடை ரிம்களில் நடுத்துளை பெரும்பாலும் 73.1 ஆக இருக்கும், நடுவளையம் போடாமல் மாட்டினால் 90, 100 வேகத்தில் ஸ்டேரிங் நடுங்கும். பிறகு பேலன்சிங் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. காசு கொடுப்பதற்கு முன் முன்சக்கரத்தில் ஒன்றை மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், பிரேக் காலிப்பரில் உரசக்கூடாது. சக்கர நட் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிப்பவரிடம் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கேளுங்கள்.

டயர் வகையில் ஸ்போர்ட் டயரை விட்டுவிட்டு சொகுசு வகைக்குப் போங்கள். "செகண்ட் டயர்" எடுப்பதாக இருந்தால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள்; 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பூ (டயரின் மேல் தடப்பள்ளம்) எவ்வளவு மீதி இருந்தாலும் ஐந்தாறு வருடமான ரப்பர் கட்டையாகியிருக்கும், நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

காற்று: ஃபேக்டரி எண் 35 பிஎஸ்ஐ, பெட்ரோல் ஸ்டேஷன் பம்பில் 240 கிலோபாஸ்கல். காலையில் காடி எடுப்பதற்கு முன் பாருங்கள். மதியம் ஓட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் மூன்று நான்கு கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். சொகுசுக்காக 32 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். 40 வகை டயரில் இன்னும் குறைத்தால் குழி விளிம்பு டயரை ரிம்மோடு சேர்த்துக் கிள்ளும். உள்ளே நூல் அறுந்து பக்கச்சுவர் வயிறு தள்ளிவிடும், ரிம்மின் உட்புற விளிம்பும் வளையும். உட்புறம் என்பதால் வெளியே நின்று பார்த்தால் தெரியாது, சக்கரத்தைக் கழற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். வயிறு தள்ளிய டயரில் ஹைவே ஏறக்கூடாது.

விலை கூடின ஹை-லோ வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் என் யோசனை: ஃபேக்டரி அப்சார்பரும் ஸ்பிரிங்கும். 86 வாங்கும் பலர் முதல் மாதத்திலேயே அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள், முடா இணைய விளம்பரத் தளத்திலும், பழைய காடியை வெட்டி உதிரிபாகம் விற்கும் ஹாஃப்-கட் கடைகளிலும் கிடைக்கும். நான்கையும் ஒரே காடியிலிருந்து எடுங்கள். தண்டில் துரு, புள்ளி, கீறல் இருக்கக்கூடாது. எண்ணெய் ஈரம் படலமாக இருந்தால் பரவாயில்லை, வழிந்திருந்தால் வேண்டாம். அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்குங்கள்: போக்கு முழுக்க ஒரே பலமாக எதிர்க்க வேண்டும், நடுவில் எங்காவது காலியாக வழுக்கினால் உள்ளே தேய்ந்துவிட்டது. மேல் மவுண்டிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள். உங்கள் ஹை-லோவில் மேல் மவுண்டிங் உலோக உருண்டை வகையாக இருக்கலாம், சிறு கல்லில் ஏறினாலும் "டக் டக்" என்று கேட்பது அதுதான். ரப்பர் மவுண்டிங் வந்ததும் அந்தச் சத்தம் போய்விடும். ஸ்பிரிங் அமுக்கி இல்லாமல் மேல் நடு நட்டில் கை வைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் தாடை உடையும்.

தாழ்ந்த தோற்றம் போய்விடுமே என்று மனசு கேட்காவிட்டால், ஹை-லோவையே வைத்துக்கொண்டு முன் ஸ்பிரிங்கை 4 கிலோவுக்கு இறக்கலாம். ஆனால் அதற்கு ஏற்றபடி அப்சார்பரின் உள்வால்வையும் மாற்றச் சொல்ல வேண்டும். 8 கிலோவுக்குக் கட்டிய அப்சார்பரில் 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் சக்கரம் மேட்டில் ஏறியபின் திரும்பி இறங்கவே நேரம் எடுக்கும். சாஃப்ட் ஸ்பிரிங் அதிகம் அமுங்கும் என்பதால் நீளமும் கூடுதலாக வேண்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஃபேக்டரி செட்டே மலிவாக முடியும். பிற்பாடு பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போகும்போதும் தலைவலி இருக்காது.

மாட்டும்போது ஒன்றைக் கண்டிப்பாக மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கீழ் ஆர்மின் (சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் கை) புஷ் போல்ட்டுகளைக் காடி தூக்கியிருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக்கூடாது. புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காடியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சவாரி கட்டையாக இருக்கும், சீக்கிரம் கிழிந்தும்போகும். சக்கரம் தரையில் நிற்க, காடியின் எடை முழுக்க அதன்மேல் இருக்க, அந்த நிலையில்தான் இறுக்க வேண்டும். புஷ் மாற்ற வேண்டி வந்தால் ரப்பரே போடுங்கள். கெட்டியான பாலியூரித்தேன் வகை இந்த ரோட்டில் சத்தத்தைத்தான் கூட்டும். தடித்த ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) மாட்டியிருந்தால் அதையும் பழைய அளவுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது தலையை இடம் வலமாக ஆட்டுவது அதுதான்.

எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட், 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டை மறுபடி சரிபார்ப்பு. ஸீட் குஷன் எல்லாம் கடைசி, அம்மாவுக்கு இப்போதைக்கு ஒரு மடித்த துண்டு போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றைப் பாருங்கள், நான்கு மூலை உயரத்தை அளங்கள், கேபிள் டையை மாட்டி ஒரு தடவை ஓட்டுங்கள். அந்த எண்களையும் ஸ்பிரிங்கில் அச்சடித்திருக்கும் மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள். ஏற்றினால் போதுமா, கழற்றத்தான் வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.